காட்டித்தாள்

பெட்டியின் மூடியில் பெரிய எழுத்தில் 'பேர்னாட் மாஸ்டர்' என்று அச்சிட்டிருந்தது. பக்கவாட்டிலும் இருந்தது. உள்ளே இருந்த பிளாஸ்டிக் கோப்பையின் அடியில் இருந்தது, குறுந்தட்டின் முகத்தில் அவருடைய படத்தோடு சேர்ந்து இருந்தது, சுண்ணாம்புப் பொட்டலத்தின் மேலும் இருந்தது. ஊசி கழற்றிய சிரிஞ்சில் மட்டும்தான் இல்லை. அதில் ஒட்ட இடம் போதவில்லை. அந்தப் பெட்டியை மண்டையைக் குடைந்து யோசித்து, வெட்டி, ஒட்டி, செய்து பார்த்து, கையைச் சுட்டுக்கொண்டு உருவாக்கிய இராமலெட்சுமியின் பெயர் எங்கேயும் இல்லை.

அவள் கொழும்பில் கொட்டாஞ்சேனைக்காரி. இரசாயனவியலில் பட்டம் வாங்கியவள். வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒரு ஒழுங்கைக்குள் பேர்னாட் மாஸ்டர் நடத்திய டியூஷன் வகுப்பில், உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் பிள்ளைகளுக்கு இரசாயனச் செய்முறை காட்டுவது அவள் வேலை. காலையில் கொட்டாஞ்சேனையில் பஸ் ஏறி, நடுவில் இறக்கி ஏற்றும் சோதனைகளையெல்லாம் தாண்டி, அடையாள அட்டையை நீட்டி நீட்டி வந்து சேர்வாள்.

அது இரண்டாயிரத்து எட்டு. பஸ்ஸில் குண்டு வெடிக்கும். அன்றைக்கே சுற்றிவளைப்பு நடக்கும். பெற்றோர் பிள்ளைகளை வீட்டுக்குள் பூட்டி வைத்தார்கள். வகுப்பில் கதிரைகள் காலியாகின. மாஸ்டர் தலையில் கையை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கணினி வேலை பார்க்கும் ஸாலிஹ், பாடத்தை வெப்கேமராவில் எடுத்து வீடுகளுக்கு அனுப்பலாம் என்று வழி சொன்னான். பாடத்தை அனுப்பலாம், செய்முறையை எப்படி அனுப்புவது? திரையைப் பார்த்து யாருக்காவது நீச்சல் வருமா?

அதற்கு விடை கண்டுபிடித்தவள் இராமலெட்சுமி. சொட்டுச் சொட்டாக அளந்து விடும் அளவிக்குப் பதில் சிரிஞ்ச். முகவைக்குப் பதில் பிளாஸ்டிக் கோப்பை. மின்பகுப்புக்கு இரண்டு பென்சில் கூர், ஒரு பற்றரி, இரண்டு துண்டு வயர். தாக்கவீதம், அதாவது தாக்கம் நடக்கும் வேகம் பார்க்க, கொண்டீஸ் என்கிற ஊதாத் தூளும் தேசிக்காய்ச் சாறும். நேரம் பார்க்க ஒரு சின்ன மணிக்கூடு. மிச்சத்தைப் பிள்ளையின் சமையலறையே தரும். குறுந்தட்டைப் போட்டுப் பார்த்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் கேமராவுக்கு முன்னால் உட்கார்ந்து ஒன்றாகச் செய்வார்கள். தெஹிவளையில் ஒரு பிள்ளை, கொட்டாஞ்சேனையில் ஒன்று, நீர்கொழும்பில் ஒன்று, அட்டனில் ஒன்று. சின்னச் சின்னச் சதுரங்களாக முகங்கள் திரையில் வரும்போது இராமலெட்சுமி கண் கொட்டாமல் பார்ப்பாள். தான் பெற்ற பிள்ளை நடக்கிற மாதிரி இருக்கும்.

"பெட்டியில என் பேரையும் ஒரு ஓரத்துல போடலாமா மாஸ்டர்?" என்று ஒரே ஒரு தரம் கேட்டாள்.

மாஸ்டர் சிரித்தார். "லெட்சுமி, பெற்றோர் என்ட பெயரைப் பார்த்துத்தானே வாங்குகினம். உம்மட பெயரைப் போட்டா ஆருக்குத் தெரியும்?"

அவள் அதை விழுங்கிக்கொண்டாள். விழுங்கிப் பழகியவள்தான்.

பெட்டிகளை வீடு வீடாகக் கொண்டு கொடுத்தவன் அவளுடைய அண்ணன் அழகுமுத்து. சொந்தமாக ஒரு ஓட்டோ வைத்திருந்தான். அண்ணன் சம்மதித்த அன்றைக்கே அவள் மாஸ்டரிடம் போய் நின்றாள்.

"மாஸ்டர், பற்றரி, வயரு, மணிக்கூடு, வெள்ளைத் தூள்... இதையெல்லாம் ஒரு தமிழன் ஓட்டோல வச்சுக்கிட்டுப் போனா என்னா நினைப்பாங்க? சிங்களத்துல ஒரு துண்டு எழுதி, சீல் குத்திக் குடுங்க."

"அதெல்லாம் எதுக்கு? மூடியில என்ட பெயரும் போன் நம்பரும் இருக்குத்தானே. ஆரும் மறிச்சா எனக்கு எடுக்கச் சொல்லும். நான் இருக்கிறன்."

நான் இருக்கிறன்! அந்தச் சொல்லைப் பின்னால் எத்தனை தரம் மென்று துப்பியிருப்பாள் இராமலெட்சுமி.

காலி நகருக்குப் போகும் காலி வீதியில் ஒரு சோதனைச் சாவடியில் அவனை மறித்தார்கள். மறித்தவன் பெட்டியைத் திறந்ததும் நாலு எட்டுப் பின்னால் போனானாம். அவன் பேரில் என்ன குற்றம்? பற்றரியும் வயரும் மணிக்கூடும் தூளும் ஒன்றாக இருந்தால் அந்தக் காலத்தில் யாருக்கும் குலை நடுங்கத்தான் செய்யும். அழகுமுத்து கையைத் தூக்கிக்கொண்டு, மூடியில் இருந்த நம்பரைக் காட்டினான். அவர்கள் அந்த நம்பருக்குப் போன் எடுத்தார்கள்.

அந்த நேரம் மாஸ்டரின் கைத்தொலைபேசி அடித்தபோது இராமலெட்சுமி பக்கத்திலேயே நின்றாள். சிரிஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தாள். மாஸ்டர் எடுத்தார். முகம் வெளுத்தது. நல்ல சிங்களத்தில், மிக மரியாதையாகச் சொன்னார்.

"மம அந்துனன்னெ நே மாத்தயா. ஏக்க அப்பே நெமெய்."

எனக்கு ஆளைத் தெரியாது ஐயா, அது எங்களுடையது இல்லை. அவ்வளவுதான். போனை வைத்தார். பையிலிருந்து லேஞ்சியை எடுத்து முகத்தைத் துடைத்தார்.

"யாரு மாஸ்டர்?" என்று அவள்தான் கேட்டாள்.

"ரோங் நம்பர்," என்றார் மாஸ்டர்.

அவள் தலையை ஆட்டிவிட்டு, மிச்சச் சிரிஞ்சுகளையும் சுத்தமாகக் கழுவி அடுக்கினாள். தன் கூடப்பிறந்தவனை ஒரு மனிதன் தனக்குப் பக்கத்தில் நின்றே விற்றிருக்கிறான். அவள் அவனுக்குச் சிரிஞ்ச் கழுவிக் கொடுத்திருக்கிறாள். எல்லாம் தெரிய வந்த பிறகு அவள் வயிற்றை அதிகமாக எரித்தது இதுதான்.

பயந்துவிட்டார், பாவம் என்று சொல்பவர்கள் சொல்லட்டும். பயந்தவன் "கொஞ்சம் பொறுங்கள், வருகிறேன்" என்று சொல்லலாம். போனை எடுக்காமலே விடலாம். தெரியாது என்று சொன்னதற்குப் பிறகாவது, பக்கத்தில் நிற்கும் தங்கச்சியிடம், ஓடு, உன் அண்ணனைப் பிடித்துவிட்டார்கள் என்று சொல்லியிருக்கலாம். ரோங் நம்பர் என்று சொல்ல ஒரு தனி நெஞ்சு வேண்டும்.

அழகுமுத்துவை உள்ளே போட்டார்கள். பொலிஸ் நிலையத்தில், அதன் பிறகு ஒரு தடுப்பு முகாமில். அம்மா பேச்சியம்மா பார்க்கப் போய்விட்டு வந்து, "எம்புள்ளைக்கு வலது கை தூக்க வரல" என்று மட்டும் சொன்னாள். அதற்கு மேல் எதையும் கேட்க இராமலெட்சுமிக்குத் தைரியம் இல்லை.

பொலிஸ் நிலையப் பொறுப்பதிகாரி அவளிடம் நேராகவே சொன்னார். பெட்டி அந்த மாஸ்டருடையது என்று உன் அண்ணன் சொல்கிறான். மாஸ்டர் இல்லை என்கிறார். அவர் வந்து என் முன்னால் நின்று என்னுடையது என்று சொன்னால், உன் அண்ணனை வைத்திருக்க எனக்குக் காரணமில்லை. அவள் குறுந்தட்டை நீட்டினாள். அதில் மாஸ்டரின் படம் இருக்கிறது என்றாள்.

"போட்டோ கதைக்காது மிஸ்," என்றார் அவர், தனக்குத் தெரிந்த தமிழில். "ஆளைக் கூட்டிக்கொண்டு வாங்க."

ஆளைக் கூட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்காகத்தான் அவள் வேலையை விடவில்லை. அவள் மாஸ்டரின் காலில் விழுந்தாள். அம்மாவும் வந்து விழுந்தாள். மாஸ்டர் இருவரையும் எழுப்பிவிட்டு, தண்ணீர் கொடுத்து, கையை விரித்தார்.

"நிலைமை கொஞ்சம் சரியாகட்டும் லெட்சுமி. நான் இப்ப போனா என்னையும் பிடிச்சுப் போடுவாங்கள். பிறகு வகுப்பு? பிள்ளைகளின்ட எதிர்காலம்?"

பிள்ளைகளின் எதிர்காலத்தை நெஞ்சில் சுமந்த மகான், பெட்டியிலிருந்து பற்றரியையும் மணிக்கூட்டையும் எடுத்துவிட்டு, மற்றதை முன்போலவே அனுப்பச் சொன்னார். பெயரை மட்டும் எடுக்கச் சொல்லவில்லை. அந்த ஆசை பயத்தையும் வென்றுவிட்டது. கூடவே, ஒரு பெரிய கூட்டம் வைக்கப் போவதாகவும் சொன்னார். வெள்ளவத்தையில் மண்டபம் பிடித்து, பெற்றோரை உட்கார வைத்து, வீடுகளில் இருக்கும் பிள்ளைகள் செய்முறை செய்வதைப் பெரிய திரையில் காட்டப் போகிறார். "காட்டி" பாடம். அமிலமா காரமா என்று நிறத்தால் காட்டித் தரும் பொருளுக்குப் பாடப் புத்தகத்தில் காட்டி என்று பெயர்.

"வடிதாளில பினோப்தலீனைத் தடவி அனுப்பும். பிள்ளைகள் சுண்ணாம்புத் தண்ணியைப் பூசினா ரோஸ் நிறம் வரும். சபை கைதட்டும்," என்றார். "தாளில மேல 'காட்டி' எண்டு அச்சடிச்சு, பக்கத்தில மருந்து தடவ இடம் விட்டு, கீழ என்ட பெயர். ஸாலிஹிட்டச் சொல்லி அடியும்."

ஸாலிஹ் அடித்துக் கொண்டு வந்த மாதிரித் தாளை மாஸ்டரே பார்த்து, சரி போட்டார். இராமலெட்சுமி அதைக் கையில் வாங்கிப் பார்த்தாள். மேல் வரியில் 'காட்டி'. அதை அடுத்து வெற்றிடம். கீழே 'பேர்னாட் மாஸ்டர்'. பார்த்துக்கொண்டே நின்றாள்.

காட்டி என்கிற சொல் அப்படியே நிற்பதில்லை. அந்த ஊரில், அந்தக் காலத்தில், அதன் வாலோடுதான் அது எல்லோருடைய காதிலும் விழும். ஒழுங்கையில், கோயிலில், பஸ்ஸில், ஆளைப் பிடித்துப் போன வீடுகளில் ஜனங்கள் குரலைத் தாழ்த்திச் சொல்லும் சொல்லுக்கு முன்பாதி அது. பின்பாதிக்கு மாஸ்டரே அளந்து இடம் விட்டுக் கொடுத்திருக்கிறார்.

பினோப்தலீன் காய்ந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதை வட்டமாகத் தடவினாலும் எழுத்தாகத் தடவினாலும் வெள்ளைத் தாள் வெள்ளைத் தாள்தான். சுண்ணாம்புத் தண்ணீர் பட்டால் ரோஸ் நிறத்தில் எழும்பும். காற்றுப் பட்டுச் சிறிது நேரத்தில் தானே மங்கிப் போகும். நாளைக்கு யார் வந்து தாளைப் பிடித்தாலும் பாடப் புத்தகச் சொல்லும் வாத்தியாரின் பெயரும்தான் இருக்கும். பிள்ளைகளுக்கு ஒரு கேடும் வராது. அதை மட்டும் அவள் திரும்பத் திரும்பச் செய்து பார்த்து உறுதிப்படுத்திக்கொண்டாள்.

மாஸ்டருக்கு வரக்கூடிய கேட்டையும் அவள் யோசிக்காமல் இல்லை. அந்தப் பெயர் ஒருவனுக்கு விழுந்துவிட்டால், யாரோ இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து வாசலில் நிற்கலாம். அப்படி நின்ற கதைகள் கொழும்பில் இல்லாமலில்லை. வந்தால் வரட்டும் என்று நினைத்தாள். நினைத்துவிட்டு, அண்ணனைப் பிடித்துப் போன நாளிலிருந்து முதல் முறையாக வயிறு நிறையச் சோறு சாப்பிட்டாள். அம்மா அதிசயமாகப் பார்த்தாள்.

தீக்குச்சியில் பஞ்சு சுற்றி, ஒவ்வொரு தாளாக, வகுப்பு அறையில் மாஸ்டருக்கு முன்னாலேயே உட்கார்ந்து எழுதினாள். மாஸ்டர் ஒரு தரம் எட்டிப் பார்த்தார். ஈரத் தாளில் என்ன தெரியும்? "கவனமாச் செய்யும் லெட்சுமி, ஒண்டும் பிழைக்கக் கூடாது," என்றார்.

"பிழைக்காது மாஸ்டர்," என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை மண்டபம் நிறைந்துவிட்டது. பிள்ளைகள்தான் வீட்டில், பெற்றோர் பயத்தைப் பையில் வைத்துக்கொண்டு வந்திருந்தார்கள். மாஸ்டர் புதுச் சேர்ட் போட்டு, மேடையில் மேசைக்குப் பின்னால் நின்றார். பின்னால் பெரிய திரையில் பிள்ளைகளின் முகங்கள். ஸாலிஹ் ஒரு மூலையில் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தான். இணைப்பு வருவதும் போவதுமாக இருந்தது.

"என்ட வகுப்பில ஒரு சட்டம்," என்று மாஸ்டர் சபைக்குச் சொன்னார். "அவதானிப்பு முதல், அனுமானம் பிறகு. கண்ணில கண்டதை அப்படியே சத்தமாச் சொல்லோணும். ஏன், எப்படி எண்டு பிறகு யோசிக்கலாம். பிள்ளைகள், ரெடியா?"

"ஓம் சேர்!" என்று திரையின் சதுரங்களுக்குள்ளிருந்து கூவினார்கள்.

மாஸ்டர் தன் தாளை எடுத்து, பஞ்சைச் சுண்ணாம்புத் தண்ணீரில் தோய்த்து ஒரு இழுவை இழுத்தார். இழுத்த கையோடு தாளை நெஞ்சுக்கு நேரே திருப்பிச் சபைக்குக் காட்டினார். மனிதர் தாளைப் பார்க்கவில்லை. சபை வாயைப் பிளப்பதைப் பார்க்கத்தான் அவருக்கு ஆசை. சபையும் வாயைப் பிளந்தது.

கைதட்டல் மட்டும் வரவில்லை. அவர் புன்னகையை இறக்காமல் பிள்ளைகளுக்குக் கையசைத்தார். "பூசுங்கோ! பூசிப்போட்டுக் கேமராவுக்குக் காட்டுங்கோ. ஐறீன், உமது அவதானிப்பை முதல்ல சொல்லும்."

தெஹிவளையிலிருந்த ஐறீன் கெட்டிக்காரப் பிள்ளை. சொன்னதைச் சொன்னபடி செய்வாள். தாளைத் தூக்கிப் பிடித்து, மணி அடித்த மாதிரித் தெளிவாக வாசித்தாள்.

"காட்டிக்கொடுத்தவர் பேர்னாட் மாஸ்டர்."

மாஸ்டர் திரும்பினார். திரையில் ஒவ்வொரு சதுரத்திலும் ஒரு தாள். அச்சடித்த கறுப்பு 'காட்டி'யோடு ரோஸ் நிறத்தில் 'க்கொடுத்தவர்' ஒட்டிக்கொண்டு நின்றது. கீழே அவர் ஆசைப்பட்டுப் போட்ட பெயர். தெஹிவளையில், கொட்டாஞ்சேனையில், நீர்கொழும்பில், அட்டனில். அவர் முகத்தில் ஈயாடவில்லை.

இரசாயனம் படித்த மூளை அல்லவா, அப்போதும் வேலை செய்தது. "ஊதுங்கோ!" என்று கத்தினார். "பிள்ளைகள், தாளை ஊதுங்கோ! ஊதுங்கோ!" மூச்சுப் பட்டால் நிறம் போகும் என்பது அவருக்குத் தெரியும். தன் தாளைத் தானே வாய்க்குக் கிட்டப் பிடித்து, கன்னம் உப்ப உப்ப ஊதினார். அவருடைய தாளில் எழுத்து மங்கியது. வீடுகளிலும் ஊதியிருப்பார்கள், மங்கியிருக்கும். ஆனால் திரையில் மங்கவில்லை. அந்த நேரம் பார்த்து இணைப்பு நின்று, படம் அப்படியே உறைந்து போயிருந்தது. அத்தனை சதுரங்களிலும் அத்தனை ரோஸ் எழுத்தும் அசையாமல் நின்றன. முன்னால் ஒரு மனிதர் புதுச் சேர்ட்டோடு ஊதிக்கொண்டே இருந்தார்.

"ஸாலிஹ்! நிப்பாட்டும்! அதை நிப்பாட்டும்!"

"லைன் கட்டாகிப் பெய்த்து மாஸ்டர். ஒண்டும் செய்ய ஏலாது," என்றான் ஸாலிஹ், கையைக் கட்டிக்கொண்டு. அவனுக்கு உண்மையில் ஏலாதா என்று இராமலெட்சுமி பிறகும் கேட்கவில்லை. அழகுமுத்துவும் அவனும் ஒன்றாகக் கிரிக்கெட் விளையாடியவர்கள்.

சபையில் ஒருவரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. யாரைக் காட்டிக் கொடுத்தார், எப்போது, எதற்கு என்று ஒரு வாய் திறக்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிக் கேட்கிறவன் மடையன். கைப்பைகளை எடுத்துக்கொண்டு எழுந்தார்கள். கதிரைகள் தரையில் உரசின. மாஸ்டரை நேருக்கு நேர் பார்க்காமல், அவர் நின்ற மேடைப் பக்கமே போகாமல், மற்றப் பக்க வாசலால் இறங்கினார்கள். இராமலெட்சுமி ஒவ்வொரு முதுகாகப் பார்த்து ரசித்தாள். ஆமாம், ரசித்தாள்.

மண்டபம் காலியானதும் மாஸ்டர் அவளிடம் வந்தார். வந்த வேகத்தில் 'நீர்' போய் 'நீ' ஆகியிருந்தது.

"நீதானேடி செய்தனி? என்னைச் சுட்டுப்போடுவாங்களடி! உனக்கு விளங்குதா, சுட்டுப்போடுவாங்கள்!"

"அவதானிப்பு முதல் மாஸ்டர். அனுமானம் பிறகு," என்றாள் அவள். "எங்கண்ணனுக்குக் கை தூக்க வரல. ஒங்களுக்கு ரெண்டு கையும் நல்லாத்தானே இருக்கு?"

அவர் கதிரையில் தொப்பென்று உட்கார்ந்தார். கண்ணீர் வந்தது. அவள் அதை, அளவியிலிருந்து சொட்டு விழும் ஒரு நியமிப்பைப் பார்க்கிற மாதிரிப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இதுக்கு ஒரே ஒரு மருந்துதான் இருக்கு," என்றாள். "இப்பவே என்கூட ஸ்டேசனுக்கு வாங்க. பெட்டி என்னோடதுன்னு சொல்லுங்க. எங்கண்ணன் வெளிய வந்தா, அடுத்த ஞாயிறு நானே கேமராவுல உட்கார்ந்து, மாஸ்டர் பொலிசுக்குப் போய் ஆள மீட்டுக் குடுத்தாருன்னு எல்லாப் புள்ளைங்களுக்கும் சொல்றேன். வரலன்னா, தாள் இன்னும் நெறைய இருக்கு."

அவர் வந்தார். ஓட்டோவில் வழி முழுவதும் சிங்களத்தில் எதையோ முணுமுணுத்துப் பாடமாக்கிக்கொண்டே வந்தார். அது தன் அண்ணனுக்கான வாக்குமூலம் என்று அவள் நம்பினாள்.

பொறுப்பதிகாரி பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார். பொலித்தீனில் சுற்றி, சிவப்பு நூல் கட்டியிருந்தது. பற்றரி, வயர், மணிக்கூடு எல்லாம் அப்படியே. "யாருடையது?" என்று சிங்களத்தில் கேட்டார்.

மாஸ்டர் எழுந்து நின்று, வளைந்து, தேனாகப் பேசினார். நான் ஒரு ஆசிரியன். இந்த ஏழைப் பெண்ணுக்காக இரங்கித்தான் கூட வந்தேன். பெட்டியைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. என் பெயரை அனுமதியில்லாமல் போட்டிருக்கிறார்கள். மூடியில் இருக்கும் நம்பரும் என்னுடையது இல்லை. பிறகு இராமலெட்சுமியின் பக்கம் கையை நீட்டினார்.

"மே லமயா தமய் ஓக்கொம ஹெதுவே."

இந்தப் பெண்தான் எல்லாம் செய்தது.

எத்தனை காலம் அவள் கேட்க ஏங்கிய வாக்கியம் அது! பெட்டி உன்னுடையது என்று பேர்னாட் மாஸ்டரின் வாய் கடைசியில் சொல்லிவிட்டது. பிள்ளைகளுக்கு முன்னால் அல்ல, பெற்றோருக்கு முன்னால் அல்ல, இங்கே. மனிதன் பொய்யையே தின்று வளர்ந்தவன். வாழ்க்கையில் ஒரே ஒரு உண்மை சொல்ல இந்த இடம் பார்த்திருக்கிறான்.

பொறுப்பதிகாரி அவள் பக்கம் திரும்பினார். "ஒயாத ஹெதுவே?" நீயா செய்தாய்?

பென்சில் கூரைச் சீவியது அவள். சிரிஞ்சின் துளையை அளந்தது அவள். கொண்டீசின் கறை இன்னமும் அவள் வலது சுட்டு விரலில் கபில நிறமாக இருந்தது. ஆம் என்று சொன்னால் அது அவளுடையதாகிவிடும். ஆம் என்று சொன்னால் அண்ணனுக்குப் பக்கத்து அறை அவளுக்கு. பேச்சியம்மா இரண்டு பிள்ளைகளுக்கும் சோற்றுப் பார்சல் கட்ட வேண்டும்.

பெயர்தானே மாஸ்டர் வேண்டும் என்று கேட்டீர்? முழுவதையும் எடுத்துக்கொள்ளும். மூடியிலும் அடியிலும் பக்கத்திலும் உமது பெயர்தான். நான் இனி அதில் ஒரு மூலையும் கேட்க மாட்டேன் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

"மம நெமெய்," என்றாள். நான் இல்லை. கறை பிடித்த விரலை நீட்டி, அவருடைய முகத்துக்கு நேரே பிடித்தாள். "மே மாத்தயா." இந்த ஐயா.

"பொய்!" என்று மாஸ்டர் தமிழில் அலறினார்.

இராமலெட்சுமி விரலை இறக்கவில்லை. மூடியில் இருக்கும் நம்பருக்கு இப்போது எடுத்துப் பாருங்கள் என்று, தனக்குத் தெரிந்த சிங்களத்தில், நிதானமாகச் சொன்னாள். பொறுப்பதிகாரி அவளைப் பார்த்தார், மாஸ்டரைப் பார்த்தார். மேசைத் தொலைபேசியை இழுத்து, மூடியைப் பார்த்துப் பார்த்து எண்களை அழுத்தினார்.

புதுச் சேர்ட்டின் பைக்குள்ளிருந்து மணி அடித்தது.

அது அடித்துக்கொண்டே இருந்தது. மாஸ்டர் பையைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு நின்றார். இராமலெட்சுமிக்கு நாக்கின் நுனியில் ஒரு சொல் வந்தது. அதை அடக்க அவளால் முடியவில்லை, அடக்க விருப்பமும் இல்லை.

"எடுங்க மாஸ்டர்," என்றாள். "ரோங் நம்பரா இருக்கும்."

சில வாரங்களில் அழகுமுத்துவை விட்டார்கள். அவள் வாசலில் ஓட்டோவோடு நின்றாள். அவன் மெலிந்து, வலது கையை இடது கையால் தாங்கிக்கொண்டு வந்து ஏறினான். மாஸ்டர் அப்போது உள்ளே இருந்தார். வகுப்பு மூடிக் கிடந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பிள்ளைகள் வேறு வாத்தியாரைத் தேடிக்கொண்டார்கள். அந்தப் பெட்டியை இனி யாரும் தொட மாட்டார்கள், அது தன்னுடையது என்று அவளும் எந்தக் காலத்திலும் சொல்ல முடியாது. இதெல்லாம் தெரிந்துதான் செய்தாள். செய்ததற்காக அவள் வருந்தவில்லை. பொறளைச் சந்தி வரைக்கும் அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தாள்.

அங்கே வாகன நெரிசலில் ஓட்டோ நின்றபோது அழகுமுத்து மெதுவாகப் பேசினான்.

"யாரு செஞ்சது, யாரு செஞ்சதுன்னு அதைத்தான் புள்ள கேட்டுக்கிட்டே இருந்தாங்க. மாஸ்டர் பெட்டின்னு மட்டும்தான் சொன்னேன். ஒம்பேரு என் வாயில வரவே இல்ல." கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டான். "கை போனாப் போகட்டும். நான் ஒருத்தரையும் காட்டிக் குடுக்கல."

அவள் வலது கையை மடியில் இழுத்து, சேலைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டாள்.

"என்னைய எப்படி வெளிய எடுத்த?" என்று அண்ணன் கேட்டான்.

முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது.

"காட்டினேண்ணே," என்றாள்.